வாய் மணக்கும் நாய்

"இது அப்பட்டமான கொலை முயற்சி, மிஸ்டர் மூக்கர்!" என்று பல் டாக்டர் மேஜையைத் தட்டிச் சொன்னபோது, கொலையிலிருந்து தப்பிப் பிழைத்தவர், மூக்கரின் உதவியாளரான ரேடியோவின் இடது கன்னத்தை அக்கறையாக நக்கிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் கர்னல். பெயரைக் கேட்டுவிட்டு யாரும் விறைப்பாக எழுந்து நிற்க வேண்டாம். காது தொங்கி, வயிறு தொங்கி, நாக்கும் தொங்கிய பழுப்பு நாய் அது. திருடன் வந்தால் அலமாரிச் சாவி இருக்கும் இடத்தை வாலாட்டியே காட்டிக் கொடுத்துவிடும், அப்படியொரு நல்ல மனசு.

ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாயின் வாய் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பிடித்த மூச்சை எவ்வளவு நேரம்தான் உள்ளேயே வைத்திருப்பது? விட்டு இழுத்தாள். கமகமவென்று புதினா வாசனை வந்தது. பல் ஆஸ்பத்திரி என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டு கன்னத்தைத் துடைத்தாள்.

மூக்கரையும் ரேடியோவையும் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மூக்கர் தொழில்முறைத் துப்பறிவாளர். ஒரு அறைக்குள் அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவருடைய மூக்கு வந்துவிடும். அவ்வளவு பெரிய மூக்கை வைத்திருப்பவர் எப்பேர்ப்பட்ட மோப்பக்காரராக இருப்பார் என்று நம்பித்தான் ஆட்கள் அவரைத் தேடி வருகிறார்கள். அந்த மூக்கில் ஜலதோஷம் நிரந்தரமாகக் குடியிருப்பதும், மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதும் ரேடியோவுக்கு மட்டுமே தெரிந்த தொழில் ரகசியம். மோப்பம் பிடிப்பது அவள் வேலை. யோசிப்பது அவர் வேலை. பேசுவதும் அவள் வேலைதான். அதை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். அதனால்தான் ரேடியோ என்று பெயர் வந்தது.

"பாதிக்கப்பட்டவர்கிட்ட வாக்குமூலம் வாங்கியாச்சு சார்" என்றாள் ரேடியோ. "கன்னம் பூரா எழுதிக் குடுத்துட்டார்."

பல் டாக்டர் சிரிக்கவில்லை. அவர் பல்லைக் காட்டுவதே தொழிலுக்காகத்தான் போலிருக்கிறது.

"யார் மேல சந்தேகம் டாக்டர்?" என்றார் மூக்கர், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"சந்தேகம்லாம் கிடையாது. எதிர்த்த கறிக்கடைக்காரன்தான். அவன் கடை வாசல்ல ஈ மொய்க்குதுன்னு ரெண்டு தடவை சத்தம் போட்டேன். அந்தக் கடுப்புல என் நாய்க்குக் கெட்டுப்போன கறியைக் குடுத்திருக்கான். தினமும் ஓசியில எலும்பு குடுப்பான். நானும் நல்ல மனுஷன்னு நம்பிட்டேன்."

"எலும்பை நிறுத்திட வேண்டியதுதானே?"

"முதல் தடவை வாந்தி எடுத்த அன்னைக்கே நிறுத்திட்டேன்."

"அப்புறமும் வாந்தி வந்துதா?"

"அப்புறமும் வந்தது. நேத்துகூட வந்தது."

மூக்கரின் கைக்குட்டை கீழே இறங்கியது. "நிறுத்தின எலும்பு எப்படி டாக்டர் வயித்துக்குள்ள போகும்?"

"பின்பக்க மதிலுக்கு மேல எறியறான்! யாரும் பார்க்காதப்போ எறியறான். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் சுகாதார ஆய்வாளர் வர்றார். அவன் கடைக்குச் சீல் வைக்கப் போறாங்க. சாட்சியா ஒரே ஒரு எலும்பு கிடைச்சாக்கூடப் போதும்."

"தீர்ப்பு ரெடி சார்" என்று ரேடியோ மூக்கரின் காதில் சொன்னாள். "குற்றம்தான் கொஞ்சம் பாக்கி. நம்ம வேலை ரொம்பச் சுலபம்."

அதுவரை கதவோரம் நின்றிருந்த டாக்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "முதல்ல எச்சில் கொட்டும் சார். நிக்காம கொட்டும். அப்புறம் வாந்தி. எழுந்து நடந்தா நாலு காலும் நாலு பக்கம் போகும், குடிச்சவன் மாதிரி. அப்படியே சுருண்டு படுத்துடும். கண்ணு மட்டும் என்னையே பார்க்கும். காப்பாத்துன்னு கேக்கற மாதிரி இருக்கும் சார்."

"எப்படித் தேறிச்சு?"

"ரெண்டு தடவை தானாவே எழுந்துடுச்சு. நேத்து ரொம்ப மோசம். கால்நடை டாக்டரம்மா வந்து ஊசி போட்டாங்க. அதுலேர்ந்து சரியாச் சாப்பிடல."

மூக்கர் குனிந்து கர்னலைப் பார்த்தார். கர்னல் அவருடைய மூக்கைப் பார்த்தது. தன்னுடையதைவிடப் பெரிதாக ஒன்றை அது முதன்முறையாகப் பார்க்கிறது போலும். மரியாதையாக வாலை ஆட்டியது.

"பின்பக்கம் போலாமா?" என்றார் மூக்கர்.

போகிற வழியில் சிகிச்சை அறை இருந்தது. சாய்வு நாற்காலி, துளைக்கும் கருவி, சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல் படம். உள்ளே கிராம்புத் தைல வாடை மூக்கைத் துளைத்தது. ரேடியோவின் மூக்கைத்தான். மூக்கர் பூங்காவில் நடப்பவர் போல நிம்மதியாக நடந்தார்.

பின்பக்கத்துத் தோட்டம் சிறியது. துடைத்து வைத்தது போல் சுத்தம். மூக்கர் மதிலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். செடிக்கடியில், குழாயடியில், கர்னலின் தட்டைச் சுற்றி என்று குந்திக் குந்திப் பார்த்துவிட்டு, "எறும்பு எங்கே?" என்றார்.

"என்னது?" என்றார் பல் டாக்டர்.

"எலும்பு விழுந்த இடத்துல எறும்பு வரும். தினமும் விழுந்தா தினமும் வரும். இங்க ஒரு எறும்பைக்கூடக் காணோமே."

"எங்க வீட்டுல எறும்பே கிடையாது சார்" என்றாள் மனைவி. அவள் குரலில் பெருமையா துக்கமா என்று ரேடியோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "வந்தா பட்டினிதான் கிடக்கணும். சர்க்கரையை இவர் வாசப்படி ஏற விடமாட்டார். காப்பிகூடக் கசப்பாத்தான்."

"சர்க்கரை பல்லுக்கு எமன்" என்று பல் டாக்டர் நிமிர்ந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இந்த வீட்டுல அது நுழைஞ்சு வருஷக் கணக்காச்சு. கர்னல் பல்லைப் பாருங்க!" நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முத்து முத்தான பற்கள். "இந்த வயசுல எந்த நாய்க்கு இப்படி இருக்கு? மத்தவங்க பிஸ்கட்டைக் குடுத்துக் கெடுக்கறாங்க. நான் ஒரு துண்டு பிஸ்கட் குடுத்ததில்ல."

"எனக்கே பொறாமையா இருக்கு டாக்டர்" என்றாள் ரேடியோ. அது நிஜம். அவளுக்குக் கடைவாயில் ஒன்று போன மாதத்திலிருந்து தகராறு செய்கிறது.

திரும்பி வந்ததும் டாக்டர் மேஜையிலிருந்த கண்ணாடி ஜாடியைத் திறந்தார். பல் பிடுங்கும்போது அழாத குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காக வைத்திருப்பது. மூடி கிணுகிணுத்த மாத்திரத்தில் மூலையில் படுத்திருந்த கர்னல் எழுந்து உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்கியது.

"எடுத்துக்கோங்க. சர்க்கரை இல்லாத மிட்டாய், பயப்படாதீங்க" என்று ரேடியோவிடம் ஒன்றை நீட்டினார். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சர்க்கரை இல்லாத மிட்டாயும் சண்டை இல்லாத கல்யாணமும் அவள் நம்பிக்கைக்கு அப்பாற்பட்டவை.

"சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் வேணும்" என்று டாக்டர் வாசல்வரை வந்து சொன்னார்.

*

கறிக்கடையில் ஒரு ஆளைக் காணோம். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அடுத்த தெருக் கடையில் நின்றார்கள். அவர்களில் சிலர் இந்தப் பக்கம் கையைக் காட்டிப் பேசியதை ரேடியோ வரும்போதே கவனித்திருந்தாள்.

கறிக்கடைக்காரர் கத்திகளைக் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். வெட்ட ஒன்றும் இல்லை என்பதால் மறுபடி எடுத்து மறுபடி துடைத்தார். மலைபோல் உடம்பு. குரல் மட்டும் யாரோ சின்ன ஆளிடம் இரவல் வாங்கியது போல் மெல்லிசாக இருந்தது.

"நீங்க அவர் அனுப்பின ஆளுங்கதானே? வாங்க, நல்லாப் பாருங்க. ஐஸ் பெட்டியைத் திறந்து பாருங்க. மோந்து பாருங்க."

மூக்கர் பெட்டிக்குள் தலையை விட்டு ஆழமாக முகர்ந்தார். பிறகு ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ முகர்ந்துவிட்டு, லேசாகத் தலையை ஆட்டினாள். மூக்கர் நிமிர்ந்து, "சுத்தமான சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். இந்த ஏற்பாடு பல வருஷமாகப் பிசகில்லாமல் நடக்கிறது.

கடையின் பின்னால் மூன்று பூனைகள் படுத்திருந்தன. கொழுப்பு என்றால் அப்படியொரு கொழுப்பு.

"மிஞ்சினதெல்லாம் இதுங்களுக்குத்தான்" என்றார் கறிக்கடைக்காரர். "கர்னலுக்குக் குடுத்த அதே எலும்பு, அதே கறி. கெட்டதைக் குடுத்திருந்தா இதுங்கதானே முதல்ல போயிருக்கணும்?"

"இதுங்க போகிற மாதிரி தெரியல அண்ணே" என்றாள் ரேடியோ. "எழுந்திரிக்கிற மாதிரிகூடத் தெரியல."

அவர் ஒரு டம்ளரில் டீயை ஊற்றி, தகர டப்பாவைத் திறந்து சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டார். கரண்டி செங்குத்தாக நின்றுவிடுமோ என்று ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எதிர்வீட்டுக்காரர் இதைப் பார்த்தா இதுக்கே தனியா ஒரு சீல் வைப்பார்."

அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் நின்றது. "சீல் வெச்சுக்கட்டும்மா. வேற ஊர் போய்க்கூடப் பொழைச்சுக்குவேன். ஆனா அந்த நாய்க்கு நான் விஷம் வெச்சேன்னு தெருவே பேசுதே, அதைத்தான் தாங்க முடியல. எலும்பை நிறுத்தின பிறகும் அது கேட் கம்பி வழியா என்னைப் பார்த்து வாலாட்டுது. அதுக்குத் தெரியுமா என்ன? நான் முகத்தைத் திருப்பிக்கறேன். வாயில்லாத ஜீவன்மா. நான் எப்படிம்மா..."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ரேடியோவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்படி ஆகும்போது வாயில் எதையாவது போட்டுக்கொள்வது அவள் வழக்கம். கைப்பைக்குள் துழாவினாள். பல் டாக்டர் கொடுத்த மிட்டாய்தான் அகப்பட்டது. தாளைப் பிரித்து வாயில் போட்டாள்.

போட்டவள் அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை.

மூக்கர் பதறிவிட்டார். "என்னம்மா ஆச்சு? பேச்சைக் காணோம்?"

ரேடியோ மிட்டாயை உள்ளங்கையில் துப்பினாள். "சார், இது கர்னல் வாய்."

"என்னது!"

"கர்னல் என் கன்னத்தை நக்குச்சே, அப்போ இதே புதினா வாசனை. ஆஸ்பத்திரி வாசனைன்னு நெனச்சு விட்டுட்டேன். ஆனா ஆஸ்பத்திரி உள்ள போனா கிராம்புத் தைல வாடைதான் அடிச்சது. புதினா அங்க எங்கயுமே இல்ல சார். நாய் வாயில மட்டும்தான் இருந்தது."

மூக்கர் அந்த ஈர மிட்டாயைக் கூர்ந்து பார்த்தார். அவருடைய மூக்கின் நுனி சிவந்தது. ஒன்று தும்மல் வரும், இல்லையென்றால் யோசனை வரும். இந்தத் தடவை இரண்டும் வந்தன.

தும்மி முடித்துவிட்டு, "ஜாடி மூடி சத்தம் கேட்டதும் நாய் என்ன செஞ்சது?" என்றார்.

"எழுந்து உட்கார்ந்து வால் ஆட்..." ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள். "மிட்டாய் தின்னாத நாய்க்கு ஜாடி சத்தம் எப்படி சார் தெரியும்!"

"பிஸ்கட் குடுத்ததில்லன்னார். அது நிஜம்தான். நாமதான் மிட்டாயைப் பத்திக் கேட்கல" என்றார் மூக்கர். "நாய்னா வாய் நாறணும்மா. நாறாத வாயை முதல்லயே சந்தேகப்பட்டிருக்கணும். என் மூக்கு நல்லா இருந்திருந்தா..."

"மூக்கைப் பத்தி அப்புறம் பேசலாம் சார். அந்தத் தாளை எடுங்க."

*

கால்நடை டாக்டரம்மா ஒரு ஆட்டின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மிட்டாய்த் தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தை வாசித்தார். வாசித்த மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது.

"சைலிட்டால்."

"அது என்ன டாக்டர்? பேரைப் பார்த்தா வில்லன் மாதிரி இருக்கு" என்றாள் ரேடியோ.

"நமக்கு அது ஒண்ணும் பண்ணாது. சர்க்கரைக்குப் பதிலாப் போடற இனிப்பு. பல்லுக்கு நல்லதுன்னுகூடச் சொல்லுவாங்க. ஆனா நாயோட உடம்பு அதை நிஜச் சர்க்கரைன்னு நெனச்சு ஏமாந்துடும். சர்க்கரை வந்துடுச்சுன்னு அடிச்சுப் பிடிச்சு வேலை செஞ்சு, ரத்தத்துல ஏற்கெனவே இருக்கிற சர்க்கரையையும் துடைச்சு எடுத்துடும். அதான் தள்ளாட்டம், அதான் மயக்கம். நிறையப் போனா வலிப்பு வரும். ஈரலும் போயிடும்."

"சர்க்கரையே இல்லாத மிட்டாயைத் தின்னு, சர்க்கரையே இல்லாமப் போறதா? ஐயோ கர்னல்!"

டாக்டரம்மா மேஜையில் கையை ஓங்கித் தட்டினார். ஆடு துள்ளியது. "நான் கேட்டேனேம்மா! என்ன தின்னுச்சுன்னு அவர்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டேன். வெங்காயம் போட்ட குழம்பு ஏதாவது? திராட்சை? சாக்லேட்? குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துச்சா? பழைய சோறு ஏதும் போச்சா? எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னார். கறி, கறின்னு அதையே சொன்னார். நானும் கெட்ட கறின்னு நெனச்சு அதுக்கே ஊசி போட்டேன். மிட்டாய்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தப்பு என் மேலயும் இருக்கு."

"அவருக்கு அது சாப்பாடே இல்ல டாக்டர்" என்றார் மூக்கர். "அது அவருக்குப் பல் வைத்தியம்."

ரேடியோ அதற்குள் பல் டாக்டருக்குப் போன் போட்டிருந்தாள். மணி அடித்தது, நின்றது. மறுபடி போட்டாள், அதுவும் நின்றது. மனைவியின் எண்ணுக்குப் போட்டாள். அந்தப் பக்கம் அழுகைதான் முதலில் வந்தது.

"மறுபடியும் படுத்துடுச்சும்மா! இந்தத் தடவை தலையைக்கூடத் தூக்க மாட்டேங்குது. நீங்க போன பிறகு இவர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். பாவம், ஒண்ணும் சாப்பிடலையே, வாயாவது நல்லா இருக்கட்டும்னு அந்த மிட்டாய்ல ஒரு கை அள்ளி..."

"ஒரு கையா!" ரேடியோவின் உயிரே போய்விட்டது.

"விஷம் வெளிய வரணும்னு இப்போ உப்புத்தண்ணி கரைக்கறார்."

டாக்டரம்மா போனைப் பிடுங்கினார். "கூடாதும்மா! உப்புத்தண்ணி கூடவே கூடாது. அந்த உப்பே அதைக் கொன்னுடும். துவண்டு கிடக்கிற நாய் வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும். ஈறுல கொஞ்சம் சர்க்கரையைத் தொட்டுத் தேயுங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன். சர்க்கரை, கேட்குதா?"

"சர்க்கரையா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "எங்க வீட்டுலயா?"

இணைப்பு அறுந்துவிட்டது.

*

ரேடியோவின் ஸ்கூட்டர் அன்று போன வேகத்தை அதைச் செய்தவர்களே நம்பமாட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மூக்கர், மூக்கு முதலில் போய் இடித்துவிடும் என்ற பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டாக்டரம்மா மருந்துப் பெட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டு காரில் பின்னால் வந்தார்.

தெருவில் கூட்டம். சுகாதார ஆய்வாளர் அரக்கும் நூலுமாக வந்து இறங்கி, கறிக்கடை ஷட்டரை எந்தப் பக்கம் இழுத்தால் மூடும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கறிக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். எதிரே ஆஸ்பத்திரிப் படியில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் கர்னல். அதன் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. டாக்டர் கையில் கலங்கலாக ஒரு டம்ளர் தண்ணீர். மனைவி அந்தக் கையை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோ வண்டியை நிறுத்தினாளா, கீழே போட்டாளா என்று தெரியவில்லை. ஓடிப்போய் டம்ளரைத் தட்டிவிட்டாள். உப்புத்தண்ணீர் படியெல்லாம் வழிந்தது.

"என்ன அக்கிரமம் இது!" என்று கத்தினார் பல் டாக்டர். "மிஸ்டர் மூக்கர், உங்க ஆளு..."

"கொலைகாரனைக் கண்டுபிடிச்சாச்சு டாக்டர்" என்றார் மூக்கர்.

ஆய்வாளர் அரக்கைக் கையில் பிடித்தபடி திரும்பினார். கறிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூக்கர் ஆஸ்பத்திரிக்குள் போய்க் கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து படியில் வைத்தார். "இதுதான் விஷம். இதுல இருக்கிற இனிப்பு நாய்க்கு ஆகாது. எலும்பை நீங்க நிறுத்தினீங்க, வாந்தி நிக்கல. ஏன்னா இதை நிறுத்தல."

"இதுவா?" பல் டாக்டர் சிரிக்கப் பார்த்தார். "நான்சென்ஸ்! இதுல சர்க்கரையே கிடையாது!"

"அதான் டாக்டர் வினையே. இப்போ அதோட ரத்தத்துலயும் கிடையாது."

பல் டாக்டர் ஜாடியைப் பார்த்தார். மடியிலிருந்த கர்னலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்பாகத் தடவிக் கொடுத்து ஊட்டிய ஒவ்வொரு மிட்டாயும் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊட்டிய தன் வலதுகையை யாருடையதோ போல் வெறித்துப் பார்த்தார்.

"நானா?" என்றார். "என் கையாலயா?"

"அழுகை அப்புறம் டாக்டர்!" என்றாள் ரேடியோ. "ஈறுல சர்க்கரை தேய்க்கணும். உடனே தேய்க்கணும். சர்க்கரை வேணும்!"

"சர்க்கரை..." டாக்டர் எழப் பார்த்தார், மடியில் கர்னல் இருந்ததால் முடியவில்லை. தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வருஷக் கணக்காக அந்தத் தெருவுக்குச் சர்க்கரையின் தீமைகளை எடுத்துச் சொன்ன அதே குரல். "யாராவது சர்க்கரை குடுங்க! ஒரு பிடி சர்க்கரை! ஐயா, யாராவது குடுங்களேன்!"

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் என்பது எப்போதும் அந்த வேலையைத்தான் முதலில் செய்யும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தகர டப்பா ஒன்று தெருவைத் தாண்டி ஓடிவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கறிக்கடைக்காரர் ஓடிவந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று ஆய்வாளர் எதிர்பார்க்கவில்லை. வழியில் நின்ற அவருடைய அரக்கு ஒரு பக்கமும் நூல் ஒரு பக்கமும் பறந்தன.

டப்பா திறந்தபடி பல் டாக்டர் முன்னால் நீண்டது. டாக்டர் விரலை விட்டுத் தொட்டு, கர்னலின் உதட்டைத் தூக்கினார். முத்து முத்தான பற்கள். அந்தப் பற்களுக்கு மேலே, ஈறில், சர்க்கரையைத் தேய்த்தார். மறுபடி தொட்டார், மறுபடி தேய்த்தார். கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டியது. "தின்னுடா" என்றார். "தின்னுடா கண்ணு. சொத்தை வந்தா வரட்டும்டா. நான் பார்த்துக்கறேன்."

கறிக்கடைக்காரர் குனிந்து நாயின் தலையைத் தாங்கிக்கொண்டார்.

டாக்டரம்மாவின் கார் வந்து நின்றபோது கர்னலின் நாக்கு மெல்ல வெளியே வந்து விரலிலிருந்த சர்க்கரையை ஒரு தடவை நக்கியது. அவ்வளவுதான். ஆனால் டாக்டர் மனைவி படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுவதற்கு அது போதுமாக இருந்தது.

"வண்டியில ஏத்துங்க" என்றார் டாக்டரம்மா. "குளுக்கோஸ் ஏத்தணும். ஈரலுக்கு ஒண்ணும் ஆகலன்னு தெரியறவரைக்கும் என்கிட்டதான் இருக்கணும். இப்போவே பிழைச்சுடுச்சுன்னு சொல்ல மாட்டேன்."

ஆய்வாளர் அரக்கைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். "அப்போ நான் இப்போ எதுக்குச் சீல் வைக்கறது?" என்று பொதுவாகக் கேட்டார். பாவம், வந்ததற்கு ஏதாவது வைத்துவிட்டுத்தானே போக வேண்டும்?

பல் டாக்டர் ஜாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு கறிக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"நான்தாங்க குடுத்தேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "இவர் குடுக்கல. இவர் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் குடுத்தேன்."

*

அடுத்த சில நாட்கள் கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மலைபோல் இருந்தார், மற்றவர் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். நடுவில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் டீ.

"சர்க்கரை போட்டிருக்கு" என்று கறிக்கடைக்காரர் எச்சரித்தார்.

"ஊத்துங்க" என்றார் பல் டாக்டர்.

அந்த நேரத்தில்தான் மூக்கரும் ரேடியோவும் நுழைந்தார்கள். டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்து, "ஈரல் தப்பிச்சுது. வந்து பாருங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பல் டாக்டர் டம்ளரோடு எழுந்துவிட்டார்.

கர்னல் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. நான்கு காலும் ஒரே பக்கம்தான் இருந்தன. கதவைத் திறந்ததும் தள்ளாடாமல் நடந்து வந்து, தரையில் உட்கார்ந்த பல் டாக்டரின் தோளில் இரண்டு காலையும் போட்டு, முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பில் நக்கியது.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. இழுத்தார். ஆழமாக இழுத்தார். அவர் முகம் அஷ்டகோணலாக ஆனது.

"நாறுது" என்றார். குரல் உடைந்தது. நாயின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல். "வாய் நாறுதுங்க! நல்லா நாறுது!"

மூக்கர் ஆவலாகக் குனிந்து தன் மாபெரும் மூக்கைக் கர்னலின் வாயருகே கொண்டுபோனார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி ரேடியோவைப் பார்த்தார்.

ரேடியோ மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.